முல்லைத்தீவு ஏன் இவ்வளவு வேகமாக வளர்கிறது?

2024 டிசம்பர் மாதத்தைக் கணக்கு நாளாகக் கொண்டு எடுத்த குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் மிக வேகமாகச் சனத்தொகை கூடும் மாவட்டம் முல்லைத்தீவு. 2012 மார்ச்சில் 92,238 ஆக இருந்தது 1,22,542 ஆகியிருக்கிறது. ஆண்டு வளர்ச்சி 2.23 சதவீதம். நாடு முழுவதற்கும் அது 0.5 சதவீதம்தான். பட்டியலின் கடைசி இடத்தில் இருப்பது பக்கத்து மாவட்டமான வவுனியா. அங்கே பன்னிரண்டே முக்கால் ஆண்டுகளில் 1,72,115 என்பது 1,72,257 ஆகியிருக்கிறது. கூடியது வெறும் 142 பேர்.

முதலிடமும் கடைசியிடமும் வடக்கின் பெருநிலப்பகுதியான வன்னிக்குள்ளேயே. இதைப் பார்த்ததும் முல்லைத்தீவில் பிள்ளைகள் கூடப் பிறக்கிறார்கள், வவுனியாவில் பிறப்பே நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஓரிடத்தின் சனத்தொகை மாற நான்கு வழிகளே உண்டு: பிறப்பு, இறப்பு, வரவு, போக்கு. முதல் இரண்டின் வித்தியாசத்தை இயற்கைப் பெருக்கம் என்கிறோம். இலங்கையில் 2012ஆம் ஆண்டு மூன்றரை இலட்சத்துக்கு மேல் குழந்தைகள் பிறந்தார்கள். 2023இல் இரண்டரை இலட்சம்கூட இல்லை. நாட்டின் இயற்கைப் பெருக்கம் இக்காலத்தில் ஆண்டுக்கு 1 சதவீதத்தை ஒட்டித் தொடங்கிக் குறைந்துகொண்டே வந்தது. முல்லைத்தீவில் இளவயதினர் அதிகம் என்று கருதி முழுக்காலத்துக்கும் 1.2 சதவீதம் எனத் தாராளமாகவே வைப்போம். அப்போதும் கூடுவது சுமார் 15,000 பேர். ஆனால் கூடியிருப்பதோ 30,304 பேர். மீதிப் பாதி தொட்டிலிலிருந்து வரவில்லை, தெருவால் வந்திருக்கிறது.

போர் நடந்த மண்ணில் சனத்தொகைக் கணக்கு இப்படித்தான் வேலை செய்யும். அமைதியான இடத்தில் பிறப்பும் இறப்பும் கணக்கை நடத்தும், வரவும் போக்கும் ஓரத்தில் நிற்கும். வன்னியில் அது தலைகீழ். 1958, 1977 கலவரங்களில் விரட்டப்பட்ட மலையக மக்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து குடியேறினார்கள். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் பெயர்ந்தபோது கிளாலிக் கடலேரியைத் தாண்டி வந்தவர்களால் வன்னி நிறைந்தது. 2009 மே மாதம் முல்லைத்தீவின் ஊர்கள் ஆளற்றுப் போயின. ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் முகாம்களில், பெரும்பகுதியினர் செட்டிகுளம் மெனிக் பாமில் இருந்தார்கள்.

இத்தனைக்கும் நடுவே எண்ணிப் பார்த்தவர் யாருமில்லை. 1981க்குப் பிறகு இங்கே முழுமையான குடிசன மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. 2001 மதிப்பீடு வன்னியின் பெரும்பகுதியைத் தொடவேயில்லை. முல்லைத்தீவில் 1981இல் 77,189 பேர், 2012இல் 92,238 பேர். இரண்டு புள்ளிகளையும் இணைத்துக் கோடு போட்டால் ஆண்டுக்கு 0.57 சதவீதம் என்று ஒழுங்கான வளர்ச்சி தெரியும். அந்த 31 ஆண்டுகளில் ஒரு ஆண்டுகூட அப்படிப் போகவில்லை. ஊர் பொங்கி வழிந்தது, வெறுமையானது, மறுபடி நிரம்பத் தொடங்கியது. 2012 மார்ச்சில் தலை எண்ணியபோதும் மெனிக் பாம் மூடப்படவில்லை. கேப்பாப்புலவு மக்கள் உட்படக் கடைசியாக இருந்தவர்கள் அங்கிருந்து வெளியேறியது அந்த ஆண்டு செப்டெம்பரில்தான். நாம் ஒப்பிடும் அடிப்படை எண்ணே பாதி நிரம்பிய ஊரின் எண்.

வன்னிக் குளங்கள் தொடர்குளங்கள்; மேல்குளம் நிரம்பி வான் பாய்ந்தால் கீழ்க்குளத்தின் மட்டம் ஏறும், அதற்குப் புதுமழை பெய்ய வேண்டியதில்லை. வவுனியாவையும் முல்லைத்தீவையும் அப்படிச் சேர்த்துப் பார்க்கலாம். போர்க்காலம் முழுதும் வவுனியா அடைக்கலம் கொடுத்த நகரம். 1981இல் 95,428 பேர் இருந்த மாவட்டம் 2012க்குள் ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல் பெருகியது. பிறகு சிலர் சொந்த ஊருக்கும் சிலர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். பிறந்தவர்களும் போனவர்களும் ஈடாகித்தான் அந்த 142 மிஞ்சியது.

எழுபதை வளர்ச்சி வீதத்தால் வகுத்தால் தொகை இரட்டிக்கும் காலம் கிடைக்கும். 2.23 சதவீதத்துக்கு 31 ஆண்டு. முல்லைத்தீவுக்கு இந்தக் கணக்கைப் போடவே கூடாது என்பேன். திரும்பி வருவோருக்கு ஒரு முடிவு உண்டு; வர வேண்டியவர்கள் வந்து முடிந்ததும் வீதம் விழும்.

மொத்தத்தைவிட முக்கியமானது வயது. போர் எல்லா வயதையும் ஒரே அளவில் தொடுவதில்லை. இறந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள், கடல் கடந்தவர்கள் என்று பார்த்தால் இளம் ஆண்களே அதிகம். வயது வாரியாக ஆண், பெண் தொகையைக் காட்டும் வயதுக் கோபுரத்தில் ஆண் பக்கம் விழுந்த அந்த வெட்டு, ஆண்டுகள் போகப் போக மேலே நகருமே தவிர ஆறாது. அன்றைக்கு இருபதுகளில் குறைந்தவர்கள் இன்றைக்கு நாற்பதுகளில் குறைவு. நாளைக்கு வயதான தாய்மாரைப் பார்க்க ஆளில்லாத வீடுகளாக அது தெரியும். இறுதிப் போர்க்காலத்தில் கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே கட்டிக்கொடுத்த வீடுகளும் பல. அதனால் பிறப்புகள் முன்கூட்டியே வந்தன. அந்தத் தாய்மாரில் எத்தனையோ பேர் இன்று தனியாகக் குடும்பம் நடத்துகிறார்கள்.

இனிக் காணி. நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் மூவருக்குக் கல்யாணமானால் ஊரின் தலைக்கணக்கில் பெரிய மாற்றம் தெரியாது. ஆனால் ஒரு குடும்ப அட்டை நான்காகும். அடுப்பு நான்கு, வீட்டுத் தேவை நான்கு. குடும்பங்களின் எண்ணிக்கை ஆட்களின் எண்ணிக்கையைவிட வேகமாகக் கூடுகிறது. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டுக் குடியேற்றங்களில் பலரிடம் இருப்பது பெர்மிட் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அந்தக் காணியைக் குறித்த அளவுக்குக் கீழே துண்டாட முடியாது. எனவே அது பெரும்பாலும் ஒரு பிள்ளைக்கே போகிறது. தனக்குப் பின் காணி யாருக்கு என்று பின்னுரித்து எழுதாமல் தகப்பன் இறந்தால் ஆண்பிள்ளைக்கே முதலுரிமை என்றிருந்தது 2022 திருத்தத்தோடுதான் நீங்கியது. ஆனால் ஊர் வழமையில் காணி சீதனமாக மகளுக்குப் போக வேண்டும். சட்டம் ஒரு பக்கம் இழுக்க, வழமை இன்னொரு பக்கம் இழுக்கிறது. காணி கிடைக்காமல் வளவைவிட்டுப் போன பிள்ளை காட்டோரத்தில் ஒரு துண்டைத் துப்புரவாக்கிக் கொட்டில் போடுகிறது. போகாத பிள்ளை அதே வளவில் வீடு கட்டுகிறது. அந்த வளவில் இரண்டாவது, மூன்றாவது மலசலகூடம் வரும்போது கிணற்றுக்கும் குழிக்கும் இடையிலான தூரம் சுருங்குகிறது. சனத்தொகை நெருக்கடி இங்கே முதலில் தெரிவது கிணற்றுத் தண்ணீரில்.

வெளியூர்க்காரர் ஆச்சரியப்படுவது இதற்காகத்தான். முல்லைத்தீவில் சதுர கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 50 பேர், நாட்டின் சராசரி சுமார் 350. இவ்வளவு வெளி இருந்தும் ஏன் காணி இல்லை? பெரும்பகுதி காடு. மிச்சத்தில் படையினர் வைத்திருப்பது, மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் ‘எல்’ வலயத்துக்குள் போனது, வனவளத் திணைக்களம் எல்லைக்கல் நாட்டியது எல்லாம் கழியும். பக்கத்துக் கிளிநொச்சியில் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றுவதற்கே ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அடர்த்தியைக் கணக்கிடும்போது மொத்தப் பரப்பால் வகுக்கிறோம். குடியிருக்கவும் பயிரிடவும் கையில் உள்ள நிலத்தால் வகுத்தால் வேறொரு முல்லைத்தீவு தெரியும்.

ஆகவே மாவட்ட எண்ணை வைத்துத் திட்டம் போடுவது பிழை. அதைவிடக் கூர்மையான கருவி ஏற்கெனவே ஊரில் இருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தர் ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய் நிரப்பும் பதிவேட்டில் அந்தப் பிரிவின் தம்பதியர், கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லாரும் உண்டு. இன்று அதில் பதிந்த குழந்தை ஐந்து ஆண்டில் முதலாம் வகுப்பு வாசலில் நிற்கும். எந்தப் பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும், எது பிள்ளையின்றி மூடப்படும் என்பதை ஐந்து ஆண்டு முன்கூட்டியே சொல்லக்கூடிய ஆவணம் அது. கிராம அலுவலரிடம் பதியும் வரவு போக்கை அதோடு சேர்த்தால் நான்கு வழிகளும் பெரும்பாலும் கைக்கு வந்துவிடும். இரண்டு பதிவேடுகளும் இரண்டு திணைக்களங்களில் இருக்கின்றன. ஆறு பிரதேச செயலர் பிரிவுகளிலும் மாதம் ஒருமுறை அவற்றை ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஒருவரை நியமித்தாலே போதும்.