மலைக்கு டெலி லென்ஸ் கொண்டுவாருங்கள், விளிம்பிலிருந்து தள்ளி நில்லுங்கள்

மலையில் படமெடுக்க வருகிறவர்களின் பையில் பெரும்பாலும் அகலக் காட்சியைப் பிடிக்கும் ஒரு வைட் லென்ஸ்தான் இருக்கும். மலை பெரியது, அதனால் அகலமான லென்ஸ் வேண்டும் என்று யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். தேனி மாவட்டத்துத் தேயிலை மலையான கொழுக்குமலையில் விடியுமுன் ஜீப்பிலிருந்து இறங்கியதும் ஆளாளுக்குப் பாறை நுனியைப் பார்த்து நடப்பதற்கு இந்த லென்ஸும் ஒரு காரணம். நுனிக்குப் போனால்தான் காலடிப் புல்லும் முன்னால் நிற்பவர் தலையும் படத்துக்குள் வராமல் இருக்கும். புகைப்பட நடைகளுக்குக் குழுக்களை அழைத்துப்போகிறவன் நான். எல்லாக் குழுவிடமும் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் டெலி லென்ஸ் எடுத்துவாருங்கள், விளிம்புக்குப் போகாதீர்கள். முதலாவதைச் செய்தால் இரண்டாவது சுலபம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவை (36×24 மி.மீ. சென்சார் உள்ளது) கிடைமட்டமாகப் பிடித்து, 1.6 மீட்டர் கண்ணுயரத்தில், எதிரே நேராகப் பார்க்கிறீர்கள். லென்ஸின் மி.மீ. எண் கூடக்கூடப் படத்தில் விழும் காட்சி குறுகும். 16 மி.மீ. லென்ஸ் என்றால் உங்களுக்கு முன்னால் இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் தரை வரை படத்தில் விழும். அதைத் தவிர்க்க நுனிக்கே போகவேண்டும். அதே இடத்தில் 200 மி.மீ. லென்ஸ் போட்டால் சுமார் 27 மீட்டருக்கு அப்பால் உள்ள தரைதான் படத்தில் வரும். அதாவது சமதரையில் விளிம்பிலிருந்து 20 மீட்டர் பின்னால் நின்றாலும் விளிம்பு படத்தில் தெரியாது. பள்ளத்தாக்கைப் பார்த்து லென்ஸை 10 டிகிரி தாழ்த்தினாலும் 5, 6 மீட்டர் தள்ளி நிற்க முடிகிறது. ஆறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் முகட்டை எடுக்க, இந்த ஐந்து மீட்டரை மிச்சம்பிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. முன்னால் ஆள் மறைத்தால் நுனிக்குப் போகவேண்டாம், பின்னாலிருக்கும் மேட்டில் ஏறிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மலையின் உண்மையான அழகு டெலி லென்ஸில்தான் பிடிபடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். கண்ணுக்குப் பிரமாண்டமாகத் தெரிந்த முகடு, வைட் லென்ஸ் படத்தில் அடிவானத்தில் ஒரு கோடாகச் சுருங்கிவிடும். 100 மி.மீ.க்கு மேல் போகும்போது அடுக்குகள் பிரியத் தொடங்கும். முதல் வரிசை கரும்பச்சை, அதற்குப் பின்னால் நீலம், அப்புறம் வெளிர்நீலம், கடைசியில் வானத்தோடு கரைந்துபோகும் ஒரு சாம்பல். இடையிலிருக்கும் காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால், எவ்வளவு தூரத்து மலையோ அவ்வளவு நீலமாகவும் வெளிறியும் தெரிகிறது.

டெலி லென்ஸ் மலைகளை நெருக்கி வைக்கிறது என்று சொல்வார்கள். அது லென்ஸின் வேலை இல்லை. வைட் லென்ஸில் அதே இடத்திலிருந்து எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பாருங்கள், மலைகள் அதே நெருக்கத்தில்தான் இருக்கும். நெருக்கம் நீங்கள் நிற்கும் தூரத்திலிருந்து வருகிறது. இதைப் புரிந்துகொண்டவர் லென்ஸை மாற்றுவதற்கு முன் இடத்தை மாற்றுவார். முகட்டில் நிற்கும் ஒரு ஆளுக்குப் பின்னால் முழுநிலா எழுவதை எடுக்க விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆள் உங்களிடமிருந்து சுமார் 190 மீட்டர் தள்ளி நின்றால் அவர் உயரமும் நிலாவின் விட்டமும் சமமாகத் தெரியும். 50 மீட்டரில் நின்றால் அவர்தான் பெரியவர், நிலா சிறு வட்டு. எந்த லென்ஸ் போட்டாலும் இந்த விகிதம் மாறாது.

இனி பணத்தைப் பற்றி. படம் சாஃப்டாக, அதாவது கூர்மையில்லாமல் வருகிறது, 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்கவேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஏறத்தாழ இரண்டு கிலோ எடை அது. காட்டுயிர்ப் படத்துக்கு அருமையான கருவி, ஏற்றத்தில் சுமக்கிறவருக்கு முட்டியில் தெரியும். நிலக்காட்சிக்கு 700, 800 கிராமில் கிடைக்கும் 70-300 அல்லது 70-200 எஃப் 4 (எஃப் என்பது லென்ஸ் திறப்பின் அளவு) போதும். தூரத்து மலைப் படங்களைக் கெடுப்பது பெரும்பாலும் லென்ஸ் கிடையாது, இடையிலிருக்கும் காற்று. வெயில் ஏறியதும் தரையிலிருந்து கிளம்பும் சூடான காற்றும் மேலேயிருக்கும் குளிர்ந்த காற்றும் கலந்து ஒளியை வளைத்துக்கொண்டே இருக்கின்றன. தார்ச் சாலையில் பார்க்கும் அதே கானல்தான். காலை ஒன்பதரை மணிவாக்கில் தேயிலைத் தொழிற்சாலையின் தகரக் கூரைக்கு மேலாக எதிர்மலையைப் பார்த்து, கேமராத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்குங்கள். மரங்களின் விளிம்பு நெளிந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் லட்ச ரூபாய் லென்ஸும் அந்த நெளிவைத்தான் துல்லியமாகப் பதிவுசெய்யும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும் போகாது. சூரியன் எழுவதற்கு முந்தைய அரைமணியும் எழுந்த பின் ஒரு மணியும்தான் நமக்குக் கிடைக்கும் தெளிவான நேரம். அப்புறம் எடுத்தே தீரவேண்டுமென்றால், சூடேறிய பாறையையும் கூரையையும் ஒட்டிப் பார்க்காமல் பள்ளத்தாக்கின் குறுக்கே பாருங்கள். பத்துப் படம் தொடர்ச்சியாக எடுத்து நல்லதைத் தேர்ந்தெடுங்கள். மங்கலைக் குறைக்க லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் போலரைசர் வடிகட்டி போடலாம், ஆனால் அது சூரியனுக்குப் பக்கவாட்டில் 90 டிகிரி திசையில்தான் நன்றாக வேலைசெய்யும். எதிரே சூரியனை வைத்துக்கொண்டு அதைத் திருகிப் பயனில்லை.

தொழில்நுட்பத்தில் மற்றதெல்லாம் சுருக்கமானதுதான். எஃப் 8 போதும்; 200 மி.மீ.யில் சுமார் 170 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் வைத்தால் 85 மீட்டரிலிருந்து கண்ணெட்டும் தூரம் வரை ஷார்ப்பாக இருக்கும். மஞ்சு மூடிய இடத்தில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும், முகட்டின் விளிம்பிலோ ஒற்றை மரத்திலோ பிடித்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வெள்ளைப் பனிமூட்டத்தைக் கேமராவின் ஒளிமானி சாம்பலாக்கிவிடும் என்பதால் எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் (ஒளி இரு மடங்கு) வரை ஏற்றுங்கள். ட்ரைபாட் காற்றில் ஆடினால் கால்களைச் சுருக்கித் தாழ்த்துங்கள்.

சூரியனைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். லென்ஸில் வரும் ஒளியையே கண்ணாடி வழியாகக் கண்ணுக்கு அனுப்பும் டிஎஸ்எல்ஆர் கேமரா வைத்திருப்பவர்கள் டெலி லென்ஸ் வழியாக வியூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் துளை) சூரியனைப் பார்க்கவே கூடாது. லென்ஸ் அவ்வளவு ஒளியையும் குவித்து விழித்திரையில் இறக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது, அதனால் சுடுகிறது என்று கண் எச்சரிக்காது. அடிவானத்தில் சிவப்பாக இருக்கும்போது ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையில் பார்க்கத் தொடங்கி, அது வெளுத்த பிறகும் கண்ணை எடுக்காமல் இருப்பவர்களைப் பார்க்கிறேன். பின்திரையில் பார்த்து எடுங்கள். காட்சியைச் சிறு திரையில் காட்டும் மிரர்லெஸ் கேமராவில் கண்ணுக்கு அந்த ஆபத்து இல்லை என்றாலும், சூரியனை நோக்கி வெகுநேரம் வைத்தால் சென்சாரும் ஷட்டர் திரையும் கெடலாம்.

நடக்கும்போது லென்ஸ் பைக்குள் இருக்கட்டும். கழுத்தில் தொங்கும் நீண்ட லென்ஸ் இறக்கத்தில் ஆடி உங்கள் நிதானத்தைக் கெடுக்கும், காலடியையும் மறைக்கும். நின்ற பிறகு எடுங்கள், எடுத்த பிறகு நகருங்கள். கண் வியூஃபைண்டரில் இருக்கும்வரை கால் நகரக்கூடாது. ஒரு நடையில் இளைஞர் ஒருவர் மேகத்துக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த முகட்டைப் பின்தொடர்ந்து, கண்ணை எடுக்காமலே பக்கவாட்டில் அடி வைத்துக்கொண்டே போனார். பனியில் நனைந்த புல், அடுத்த அடிக்குப் பிறகு சரிவு. உடன் வந்த உள்ளூர் வழிகாட்டி அவர் முதுகுப்பையின் பட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். லென்ஸுக்குள் எல்லாம் பக்கத்தில் தெரிவதால் காலுக்கடியில் இருக்கும் தூரம் மறந்துபோகிறது. அதனால்தான் இருவர் இருவராகப் பிரித்துவிடுகிறேன். ஒருவர் எடுக்கும்போது மற்றவர் அவர் காலைப் பார்க்கவேண்டும்.

எப்போது வருவது என்பதும் பாதுகாப்போடு சேர்ந்ததுதான். கொழுக்குமலைக்குக் கீழே குரங்கணிச் சரிவில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத் தீயில் சிக்கிய மலையேற்றக் குழுக்களில் 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். காய்ந்த புல், மேட்டை நோக்கி ஓடும் தீ, தெரியாத பாதை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வனத்துறை மலைப்பாதைகளை மூடினால் வேறு வழி தேடிப் போகாதீர்கள். அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் எந்த மாதத்திலும் காட்டுக்குள் நுழையாதீர்கள். டெலி லென்ஸுக்கும் அந்த மாதங்கள் உதவாதவை. புழுதியும் புகையும் சேர்ந்து மூன்றாவது அடுக்கு மலையே தெரியாது. வடகிழக்குப் பருவமழை தூசியைக் கழுவிவிட்ட பிறகு, டிசம்பரிலும் ஜனவரியிலும் வாருங்கள். இரவில் குளிர்ந்த கனமான காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்கும், மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்கும். அப்படி அமைந்த காலைகளில் தேனிச் சமவெளி மேல் மேகம் பரவிக் கிடக்கும், குன்றுகளின் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மழை விட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ கிடைத்தால் இன்னும் நல்லது. அட்டைக் கடிக்குத் தயாராக நீண்ட காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.