புகைப்பழக்கத்தைக் கைவிட அரசு உதவி: அலையாமல் பெறுவது எப்படி?

புகைப்பதையோ புகையிலை மெல்லுவதையோ விட நினைப்பவருக்கு ஆலோசனையும் மருந்தும் தருவது, 2007-08இல் தொடங்கிய தேசிய புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஒரு பகுதி. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இதற்கென மையம் இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு.

எனக்குத் தெரிந்த சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர், முப்பது ஆண்டுப் பீடிப் பழக்கத்தை விட்டுவிடும் முடிவோடு, ஒரு நாள் கூலியை இழந்து அரசு மருத்துவமனைக்குப் போனார். சீட்டு போடும் இடத்திலிருந்து நெஞ்சுநோய்ப் பிரிவுக்கும், அங்கிருந்து மனநலப் பிரிவுக்கும் அனுப்பப்பட்டார். அங்கே "இன்றைக்கு ஆலோசகர் வரமாட்டார்" என்றார்கள். அவர் சீட்டில் எஞ்சியது "பீடி குடிக்கக் கூடாது" என்ற ஒரே வரி. அதைத் தெரிந்துகொள்ளவா அவர் கூலியை விட்டுவிட்டு வந்தார்?

இருமல் என்று மட்டும் சொன்னால் இருமல் மருந்தோடு அனுப்பிவிடுவார்கள். சீட்டு போடும்போதே "பீடியை விட வேண்டும், ஆலோசகரைப் பார்க்க வேண்டும்" என்று சொல்லி, அவர் வரும் நாளையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்பாக, புகையிலையைக் கைவிட ஆலோசனை தரும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள். காலை 8 முதல் இரவு 8 வரை இயங்கும் இச்சேவையில் தமிழிலும் பேசலாம். திங்கட்கிழமை விடுமுறை என்பது தெரியாமல் அன்று அழைத்துவிட்டு, எண்ணே வேலை செய்யவில்லை என்று கைவிட்டவர்கள் உண்டு. 2018 முதல் இந்த எண் சிகரெட், பீடி உறைகளில் அச்சிடப்படுகிறது; ஆனால் சில்லறையாக ஒன்றிரண்டு வாங்கிப் புகைப்பவர் கண்ணில் அது படுவதேயில்லை.

மருந்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். புகைக்கும் ஏக்கத்தைத் தணிக்கும் நிகோட்டின் சூயிங்கம் 2 மி.கி. அளவில் மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கும், 4 மி.கி.க்குச் சீட்டு வேண்டும். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் பீடியைப் பற்றவைப்பவருக்கு 2 மி.கி. பெரும்பாலும் போதாது. கடைக்காரர் கொடுத்ததை மென்றுவிட்டு "எனக்கு இது ஒத்துவரவில்லை" என்று மீண்டும் பீடிக்கே திரும்புகிறார்கள். அதை மிட்டாய்போல விடாமல் மெல்லக் கூடாது. காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, அது தணிந்த பிறகு மெல்ல வேண்டும். இதைச் சொல்லித்தர ஆளில்லாததால் விக்கலும் வயிற்றெரிச்சலும் வந்து, சூயிங்கத்தையே கைவிட்டவர்கள் பலர். புகைக்கும் ஏக்கத்தைக் குறைக்கும் புப்ரோபியான் மாத்திரையை மருத்துவர் எழுதினால், வலிப்பு வந்ததுண்டா என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

நிகோட்டின் மருந்து 2022இல், எப்போதும் கிடைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலான தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது. எனவே "ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்" என்றால் பேசாமல் திரும்பாதீர்கள். எப்போது வரும் என்று கேட்டு, அடுத்த தேதியைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.