சாக்கெட் மூடுகிறதா என்பதை சர்வர் பக்கம் நின்று சோதியுங்கள்

வெப்சாக்கெட் வழியாக, அதாவது உலாவிக்கும் சர்வருக்கும் இடையே திறந்தே இருக்கும் இணைப்பு வழியாக, உலாவிக்கு நேரடித் தகவல்களை அனுப்பும் ஒரு வலைச் செயலியைப் பராமரித்துவந்தோம். சில நாள்களுக்கு ஒருமுறை சர்வர் புதிய இணைப்புகளை ஏற்க மறுத்துவிடும். அதை நிறுத்தித் தொடங்கினால் சரியாகிவிடும். லாக்கில் வந்ததெல்லாம் ஒரே புகார்தான்: திறந்த கோப்புகள் வரம்பை மீறிவிட்டன. லினக்ஸில் ஒவ்வொரு சாக்கெட்டும் (இணைப்பின் ஒரு முனை) ஒரு கோப்பு எண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஒரு புராசஸுக்கு, அதாவது ஓடும் நிரலுக்கு, பெரும்பாலும் 1024 என்ற வரம்புதான் முதலில் இருக்கும். சாக்கெட்டுகள் எங்கோ கசிகின்றன என்பது தெளிவு. ஆனால் இணைப்பு மூடுவதற்கான சோதனை எங்களிடம் முன்பே இருந்தது. அது ஒருநாளும் தோற்றதில்லை.

அந்தச் சோதனையை எடுத்துப் படித்தோம். இணைக்கிறது, ஒரு செய்தி அனுப்புகிறது, பதிலை வாங்குகிறது, மூடச் சொல்கிறது, கிளையண்டின் நிலை 3, அதாவது 'மூடப்பட்டது', ஆகிவிட்டதா என்று பார்க்கிறது. அவ்வளவுதான். சர்வரிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

சர்வரில் சாக்கெட்டுகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் (ss) கட்டளையை ஓட்டினால், 'க்ளோஸ் வெயிட்' நிலையில் நூற்றுக்கணக்கான வரிகள். எதிர்முனை ஃபின் (இணைப்பை முடிக்கும் சமிக்ஞை) அனுப்பிவிட்டது, கெர்னலும் (இயங்குதளத்தின் மையம்) ஒப்புதல் தந்துவிட்டது, நம் நிரல் மட்டும் இன்னும் மூடவில்லை என்பதே இதன் பொருள். இந்த நிலைக்குக் காலக்கெடு கிடையாது. புராசஸ் உயிரோடு இருக்கும்வரை அப்படியே கிடக்கும். பக்கத்திலேயே தென்படும் 'டைம் வெயிட்' வேறு. முதலில் மூடிய முனையில் கெர்னல் வைத்திருப்பது அது. லினக்ஸில் 60 விநாடியில் தானே போய்விடும். அதைக் கசிவு என்று எண்ணி நேரத்தை வீணாக்காதீர்கள்.

காரணம் எங்கள் நிரலின் ஒரே ஒரு கிளையில் இருந்தது. 2011இல் வெளியான வெப்சாக்கெட் தரநிலையான ஆர்எஃப்சி 6455இன்படி, இரு முனைகளும் மூடல் ஃபிரேமை (மூடுவதை அறிவிக்கும் சிறு செய்தி) பரிமாறிக்கொண்ட பிறகே அடியிலுள்ள டிசிபி இணைப்பு மூடப்பட வேண்டும். அந்த வழியை எங்கள் நிரல் ஒழுங்காகக் கையாண்டது. மூடல் ஃபிரேம் வராமல் இணைப்பு அறுந்தால் பிழை எழும். அதை நிரல் லாக்கில் எழுதிவிட்டுத் திரும்பிவிடும். மூடும் வரி அங்கே இல்லை.

இப்போது எங்கள் சோதனை மூன்று விதமாக மூடிப் பார்க்கிறது. முறையாக மூடுவது ஒன்று. கிளையண்ட் புராசஸையே கொன்றுவிடுவது இன்னொன்று. மூன்றாவதுதான் பலரும் தொடாதது: ஃபயர்வால் விதியால் பாக்கெட்டுகளை ஓசையின்றிக் கைவிடுவது. வைஃபை எல்லையைத் தாண்டிப் போன கைபேசி அப்படித்தான் மறையும். ஃபின் வராது, சர்வர் இணைப்பு நலமாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். எதிர்முனை இருக்கிறதா என்று விசாரிக்கும் டிசிபியின் கீப்அலைவை நம்ப முடியாது. நிரல் கேட்டால்தான் அது இயங்கும். இயங்கினாலும் லினக்ஸில் முதல் விசாரிப்பு, மாற்றாவிட்டால், 7200 விநாடி கழித்துத்தான். எனவே சர்வரே பிங் என்ற வெப்சாக்கெட் விசாரிப்பை அனுப்பி, குறித்த நேரத்துக்குள் பாங் என்ற பதில் வராவிட்டால் துண்டிக்க வேண்டும். உலாவியின் ஜாவாஸ்கிரிப்டால் பிங் அனுப்ப முடியாது. இந்தப் பொறுப்பு சர்வருடையதே.

ஒவ்வொரு விதத்திலும் 200 இணைப்புகளைத் திறந்து மூடி, சர்வர் புராசஸின் கோப்பு எண்ணிக்கை பழைய இடத்துக்கே வருகிறதா என்று பார்க்கிறோம். நிலையான காத்திருப்பு வேண்டாம். கெடு முடியும்வரை திரும்பத் திரும்ப எண்ணுங்கள். மூடல் குறியீடு 1006 என்பதை சர்வர் அனுப்பியதாகக் கருதிச் சோதனை எழுதாதீர்கள். அது கம்பியில் பயணிப்பதே இல்லை. மூடல் ஃபிரேம் வரவில்லை என்று உலாவி தானே இட்டுக்கொள்ளும் குறியீடு.

விடுபட்ட வரியைச் சேர்த்த பிறகும் மூன்றாவது சோதனை தோற்றது. பாங் வராத இணைப்பை நாங்கள் முறையாக மூட முயன்றோம்; மூடல் ஃபிரேமை அனுப்பிவிட்டு, இல்லாத ஆளின் பதிலுக்காக நிரல் காத்துக்கிடந்தது. ஐந்து விநாடிக்குமேல் காத்திருக்காமல் வெட்டிவிடும்படி மாற்றினோம். கோப்பு எண்ணிக்கை சரியாகிவிட்டது. ஆனால் நினைவகம் ஏறிக்கொண்டே போனது. செய்தி பெறுவோர் பட்டியலிலிருந்து அந்த இணைப்புகளை யாரும் நீக்கவில்லை. அந்தப் பட்டியலின் நீளத்தையும் இப்போது அதே சோதனை எண்ணுகிறது.