வாட்ச் ‘சீராக இருக்கிறது’ என்று சொன்ன இரவு

ஜவுளிக்கடை நடத்தும் ஐம்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவர் சென்ற ஆண்டு விடியற்காலை நான்கு மணிக்கு எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தார். நெஞ்சைப் பிசையும் வலி முந்தைய இரவு பதினோரு மணிக்கே தொடங்கிவிட்டது. மகன் வாங்கித் தந்த ஸ்மார்ட் வாட்சில் விரலை வைத்து ஈசிஜி எடுத்திருக்கிறார். ‘சைனஸ் ரிதம்’, அதாவது துடிப்பு சீராக இருக்கிறது என்று வந்திருக்கிறது. வாயுப் பிடிப்புதான் என்று பெருங்காயம் கலந்த மோரைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். நாங்கள் எடுத்த ஈசிஜியில் தெரிந்ததோ பெரிய மாரடைப்பு. அடைப்பை நீக்கிவிட்டோம், பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஐந்து மணி நேரத்தில் செத்துப்போன இதயத் தசையை என்னால் மீட்டுத் தர முடியவில்லை.

வாட்ச் அவரிடம் பொய் சொல்லவில்லை. துடிப்பின் ஒழுங்கை மட்டுமே அது பார்க்கும். மாரடைப்பு வந்தவர்களில் பலருக்குத் துடிப்பு ஒழுங்காகவே இருக்கும். நூறாண்டுகளுக்கு முன் நெதர்லாந்தின் வில்லெம் ஐந்தோவன் நோயாளியின் கைகளை உப்புநீர்ப் பாத்திரங்களில் வைக்கச் சொல்லி ஈசிஜி பதிவுசெய்தார். இரு கைகளுக்கு இடையே அவர் எடுத்த அதே ‘லீட் 1’ பதிவைத்தான் இன்று இடது மணிக்கட்டும் வலது விரலும் சேர்ந்து தருகின்றன. மருத்துவமனையில் நாங்கள் பார்ப்பது பன்னிரண்டு கோணங்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் வாட்சைப் பார்க்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

இதைச் சொல்வதால் இந்தக் கருவிகளை நான் வெறுப்பதாக எண்ண வேண்டாம். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரைப் பக்கவாதத்திலிருந்து காத்ததில் அவர் வாட்சுக்குப் பெரும் பங்கு உண்டு என்றே நம்புகிறேன். அவருக்குப் படபடப்புகூட இல்லை. ‘ஒழுங்கற்ற துடிப்பு’ என்ற அறிவிப்பு மூன்று முறை வந்ததால் வந்தார். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தது. இந்த நோயில் இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கும். தேங்கும் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடுகிறது. வந்து வந்து போகும் நோய் என்பதால், எங்கள் முன் படுத்திருக்கும் சில நொடிகளில் அது அகப்படாமல் போகலாம். நாள் முழுக்கக் கையில் கிடக்கும் கருவிக்கு அகப்பட வாய்ப்பு அதிகம். அந்த அம்மா இப்போது ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறார்.

அறிவிப்பு வந்தவர்கள் எல்லோருக்கும் இந்த நோய் இருக்கும் என்றும் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஆப்பிள் வாட்ச் அணிந்த சுமார் 4,19,000 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், அறிவிப்பு வந்தவர்கள் 0.52 சதவீதம்தான். அவர்களில் மார்பில் ஒட்டும் ஈசிஜி பட்டையை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதம் பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பதிவானது. ஆகவே இளைஞர்கள் பதற வேண்டாம். அறுபதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

நாளுக்குப் பத்தாயிரம் அடிகள் நடக்க வேண்டும் என்ற இலக்கு பற்றியும் ஒரு சொல். அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியின் பெயரிலிருந்து வந்தது. வயதான பெண்களிடம் அமெரிக்காவில் செய்த ஆய்வில், நாளுக்கு 4,400 அடிகள் நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. மூட்டு வலியோடு இரவில் வீட்டுக்குள் சுற்றி எண்ணிக்கையை நிரப்பும் பாட்டிமார்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கஷ்டப்படுகிறது.

வாட்சின் பட்டை தளர்ந்திருந்தால் தோலுக்குள் பாயும் பச்சை ஒளி நாடியைத் தவறாகப் படிக்கும். துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடி குறைவாகவே காட்டும். அதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள். ரத்த அழுத்தத்துக்கு மேற்கையில் கட்டும் கருவியே போதும், அதுவே சரி.

அறிவிப்பு வந்தால் உடனே உட்கார்ந்து, முப்பது நொடி ஈசிஜி எடுத்துச் சேமித்துவிடுங்கள். மணி என்ன, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், தலைசுற்றல் இருந்ததா என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்தத் தாளைத்தான் நான் முதலில் கேட்பேன்.