பெட்டி காணோமா? முதலில் டிஸ்க்கில் கை வைக்காதீர்கள்

கோபிப் பக்கம் கல்யாண போட்டோ எடுக்கும் ஒரு தம்பி வைகாசி முகூர்த்தங்களுக்கு நடுவில் போன் செய்தார். "அண்ணா, நாஸ் பெட்டி செத்துப் போச்சுங்க. டிஸ்க்கைக் கழட்டி கம்ப்யூட்டர்ல மாட்டுனனுங்க. ஃபார்மேட் பண்ணணும்னு கேட்டுச்சு, சரின்னு அமுத்திட்டனுங்க" என்றார்.

நாஸ் என்றால் வீட்டிலோ கடையிலோ எல்லோரும் நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமித்து எடுக்கும் டிஸ்க் பெட்டி. நேரில் போய்ப் பார்த்தேன். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ரூட்டரிலிருந்து வந்த லேன் கேபிளின் முனையில் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தது. கனெக்டர் ஓர் அரிசி அளவு வெளியே நழுவியிருந்தது, அவ்வளவுதான். விரலால் அழுத்தினேன், பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் டிஸ்க் அதற்கு முன்பே அழிக்கப்பட்டுவிட்டது. மீட்பு மென்பொருள் போட்டு இரண்டு நாள் உட்கார்ந்தும், ஒரு குடும்பத்துக்கு அருமைக்காரர் சீர் செய்யும் படங்களில் பாதிகூடத் தேறவில்லை.

வீட்டு நெட்வொர்க் வேலையில் இருக்கும் எனக்கு, ஈரோடு, பெருந்துறை, பல்லடம் என்று போகிற இடமெல்லாம் இதே கதைதான் கண்ணில் படுகிறது. பெட்டி தெரியவில்லை என்றதும் பெட்டியே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் கோளாறு இருந்தது வழியில்தான், டிஸ்க்கில் இல்லை. நாஸ் என்பது லினக்ஸ் போன்ற மென்பொருள் ஓடும் ஒரு சின்ன கம்ப்யூட்டர். அதன் டிஸ்க் எழுதப்பட்டிருக்கும் முறை விண்டோஸுக்குப் புரியாது. அதனால்தான் கழற்றி மாட்டினால் ஃபார்மேட் செய்யட்டுமா, இனிஷியலைஸ் செய்யட்டுமா என்று கேட்கும். டிஸ்க் நல்ல நிலையில் இருந்தாலும் அப்படித்தான் கேட்கும். அந்தக் கேள்விக்குச் சரி சொல்லாதீர்கள். பெட்டியின் பின்னால் இருக்கும் ரீசெட் பொத்தானையும் கையேட்டைப் படிக்காமல் அழுத்த வேண்டாம்.

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் கீழ்பவானிப் பாசனக்காரர் யாரும் வயலைத் தோண்டிப் பார்க்க மாட்டார். மதகிலிருந்து வாய்க்கால் ஓரமாக நடந்து வருவார். இங்கேயும் அப்படி நடந்து வர வேண்டியதுதான்.

முதலில் விளக்கு. கேபிள் மாட்டிய இடத்தில் பெட்டியிலும் ரூட்டரிலும் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் வேறு கேபிள், பிறகு ரூட்டரில் வேறு ஓட்டை என்று மாற்றிப் பாருங்கள். அதுவரை கம்ப்யூட்டரில் எதையும் தொட வேண்டியதில்லை.

கேபிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வேகத்துக்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் இரண்டு போதும். அதைப்போல் பத்து மடங்கான ஜிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி சரியாகக் கடிபடவில்லை என்றால், பல பெட்டிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். இணைப்பு இருக்கும், வேகம்தான் இருக்காது. 4 ஜிபி வீடியோ ஒன்று ஜிகாபிட்டில் ஏறக்குறைய 40 நொடியில் போய்விடும். 100 எம்பிபிஎஸ்ஸில் அதுவே 6 நிமிடம். காப்பி வேகம் நொடிக்கு 11 மெகாபைட்டில் அப்படியே நின்றால் டிஸ்க்கைக் குறை சொல்லாமல் கனெக்டரைப் பாருங்கள். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இந்த வரிசை இரண்டு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

விலை மலிவாக விற்கும் கேபிள்களில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. கம்பியை பிளேடால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். நாலு தடவை வளைத்தால் ஒடிந்துவிடும். சுவருக்குள் நிரந்தரமாகப் போடுவதற்கு முழுச் செம்புக் கேபிளே வாங்குங்கள். வீட்டிலிருந்து தறிக்குடோனுக்குத் திறந்த வெளியில் இழுப்பதானால் ஃபைபர் போடுவதே நல்லது. லேன் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை, அதோடு கோடை இடிமழையில் அந்தச் செம்பு வழியாகவே மின்னழுத்தம் உள்ளே வந்து சுவிட்சையும் பெட்டியையும் சேர்த்துச் சுட்டுவிடும்.

விளக்கு எரிகிறது, ஆனாலும் பெட்டி தெரியவில்லை. அப்படியானால் அடுத்து முகவரி, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் இருக்கும் ஐபி எண். நம் ஊரில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் மின்சாரம் நின்று மதியத்துக்கு மேல் வரும். வந்ததும் ரூட்டர் எல்லாக் கருவிகளுக்கும் முகவரி கொடுக்கத் தொடங்கும். நேற்று 192.168.1.12 ஆக இருந்த பெட்டிக்கு இன்று 192.168.1.17 கிடைக்கலாம். டெஸ்க்டாப்பில் நீங்கள் வைத்த ஷார்ட்கட்டோ பழைய முகவரிக்கே போய்த் தட்டிக்கொண்டிருக்கும். ரூட்டரின் பக்கத்தைத் திறந்து இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பாருங்கள், பெட்டி அங்கே இருக்கும். பெட்டிக்குத் திரை மாட்ட முடிந்து, அதில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், ரூட்டரிடம் கேட்டும் பதில் கிடைக்காமல் பெட்டி தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். மறுபடி கேபிளுக்கும் ரூட்டருக்கும் திரும்புங்கள்.

பெருந்துறையில் ஓர் அக்கா சொன்னதை மறக்க முடியாது. "தம்பி, ஒறம்பரை வந்தா மட்டும் பெட்டி காணாமப் போகுதுங்க." அவர் சொன்னது அப்படியே உண்மை. மகன் பெட்டிக்குக் கையால் ஒரு நிலையான முகவரி போட்டிருக்கிறார், ஆனால் அந்த எண் ரூட்டர் மற்றவர்களுக்குக் கொடுக்கும் வரம்புக்குள்ளேயே இருந்தது. கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி பெட்டியை அணைத்து வைப்பார்கள். அந்த நேரத்தில் வந்த விருந்தாளியின் போனுக்கு ரூட்டர் அதே எண்ணைக் கொடுத்துவிடும். காலையில் பெட்டியைப் போட்டால் ஒரே வீட்டு எண்ணில் இரண்டு பேர். பெட்டிக்குள் போட்ட முகவரியை எடுத்துவிட்டு, ரூட்டரிலேயே அந்தப் பெட்டியின் மேக் முகவரிக்கு (கருவியோடு வரும் அடையாள எண்) ஓர் எண்ணை ஒதுக்கி வைத்தேன். அதற்கப்புறம் அந்தத் தொந்தரவு இல்லை.

இரண்டு ரூட்டர் இருக்கும் வீடுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபைபர் இணைப்போடு வந்த மோடமே ஒரு ரூட்டர்தான். மாடியில் சிக்னல் வரவில்லை என்று இன்னொரு ரூட்டர் வாங்கி அதில் செருகுவார்கள். இப்போது கீழே 192.168.1, மேலே 192.168.0 என்று இரண்டு தெரு ஆகிவிடும். பெட்டி மேலே இருந்தால் கீழே இருக்கும் போனுக்கு அது தெரியாது. இரண்டாவது ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு (தனியாக முகவரி கொடுக்காமல் வைஃபை மட்டும் கொடுக்கும் முறை) மாற்றினால் வீடு முழுக்க ஒரே தெரு. விருந்தாளிகளுக்கென்று தனியாக வைக்கும் கெஸ்ட் வைஃபையில் இருந்தாலும் பெட்டி தெரியாது. அது கோளாறு இல்லை, பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

சரி, முகவரி கிடைத்துவிட்டது. கமாண்ட் பிராம்ப்டில் பிங் (அந்த முகவரியில் கருவி இருக்கிறதா என்று கேட்கும் கட்டளை) கொடுத்தால் பதிலும் வருகிறது. ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை என்றால் இனி வயரைத் தொட வேண்டாம். ரன் பெட்டியில் \\192.168.1.17 என்று முகவரியையே அடித்துப் பாருங்கள். பெயர் போட்டால் திறக்காதது எண் போட்டால் பல நேரம் திறக்கும். கடவுச்சொல்லைச் சமீபத்தில் மாற்றியிருந்தால், விண்டோஸ் பழையதையே பிடித்து வைத்திருக்கும். கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரில் போய் அதை நீக்குங்கள். 2024இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 புரோ பதிப்பு, கடவுச்சொல் இல்லாத கெஸ்ட் நுழைவை இயல்பாக ஏற்காது. பெட்டியில் உங்கள் பெயரில் ஒரு கணக்கு தொடங்கிவிடுங்கள்.

இந்த இடத்தில் எஸ்எம்பி 1 என்பதை, அதாவது நெட்வொர்க்கில் ஃபோல்டர் பகிரும் முறையின் பழைய பதிப்பை, இயக்கினால் சரியாகிவிடும் என்று ஏதாவது வீடியோ சொல்லும். தயவுசெய்து செய்யாதீர்கள். 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வானாக்ரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்) பரவியது அந்தப் பழைய எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டின் பிற்பகுதியிலிருந்து புதிதாக நிறுவும் விண்டோஸ் 10இல் அது இயல்பாக இருப்பதில்லை. பெட்டியின் அமைப்பில் எஸ்எம்பி 2, 3 இருக்கிறதா என்று பார்த்து அதை இயக்குங்கள்.

வெளியூரிலிருந்து பெட்டியைத் திறக்க ஆசைப்பட்டு ரூட்டரில் போர்ட் திறப்பவர்களும், அதாவது இணையத்திலிருந்து பெட்டிக்கு நேராக வழி விடுபவர்களும், உண்டு. ரூட்டருக்கு வெளியிலிருந்து கிடைத்த முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் நீங்கள் என்ன திறந்தாலும் வேலை செய்யாது. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரி கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வேலை செய்தால் இன்னும் ஆபத்து. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர், இணையத்துக்கு நேராகத் திறந்து கிடந்த நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. டெயில்ஸ்கேல், வயர்கார்டு போன்ற விபிஎன் (பூட்டிய தனி வழி) வழியாக மட்டும் உள்ளே வாருங்கள்.

கோபித் தம்பியின் பெட்டி மேல் இப்போது ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது. பெட்டியின் முகவரி, ரூட்டரில் எந்த ஓட்டை, கேபிள் போட்ட தேதி எல்லாம் அதில் இருக்கின்றன. ஒவ்வொரு கல்யாணம் முடிந்ததும் படங்களை ஒரு யூஎஸ்பி டிஸ்க்கிலும் ஏற்றி, சத்தியமங்கலத்தில் மாமனார் வீட்டு பீரோவில் வைத்துவிட்டு வருகிறார்.