நாலு மணிப் பசிக்கு முந்தைய இரவே ஊற வைக்க வேண்டும்

ஆலோசனைக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும் வரை என்னவெல்லாம் சாப்பிட்டீர்கள் என்பதைத்தான். இட்லி, சோறு, சாம்பார், ஒரு பொரியல், இரவுக்குத் தோசை என்று பெரும்பாலானோர் மூன்று வேளையைச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். அந்தப் பட்டியலில் பெரிய குறை எதுவும் இருக்காது. சாயங்காலம் ஒன்றும் இல்லையா என்று கேட்டால், "சும்மா டீதான் மேடம்" என்பார்கள். அந்தச் 'சும்மா'வைக் கொஞ்சம் கிளறினால் பிஸ்கட்டும் ரஸ்க்கும் பன்னும், பள்ளி விட்டு வரும் வழியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டும் ஒவ்வொன்றாக வெளியே வரும். உணவியல் ஆலோசகராக இத்தனை ஆண்டுகள் இந்தக் கேள்வியைக் கேட்டதில் எனக்குப் பட்டது இதுதான்: வீட்டுச் சமையல் தோற்றுப்போவது பெரும்பாலும் மாலை நாலு மணிக்குத்தான்.

சென்ற ஆண்டு பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய அம்மா அழைத்து வந்தார். ஹீமோகுளோபின் 9.4. அந்த வயதில் 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை என்று கொள்வது வழக்கம். மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, உணவுக்காக என்னிடம் அனுப்பியிருந்தார். இது அரிதான நிலைமையும் அல்ல; 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. அம்மாவுக்கு ஜவுளிக்கடையில் வேலை. வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகிவிடும். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். வீட்டில் இருப்பவர் பாட்டி மட்டும். நாலேகாலுக்குப் பள்ளியிலிருந்து வரும் பெண், கெட்டியான டீயில் பன்னைத் தோய்த்துத் தின்றுவிட்டு டியூஷனுக்கு ஓடிவிடுவாள்.

நான் அன்று செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். கேழ்வரகு அடை, முருங்கைக்கீரை வடை, எள்ளுருண்டை, ஊற வைத்த பாதாம் என்று நாளுக்கொன்றாக அச்சடித்த அட்டவணை ஒன்றை அவர் கையில் கொடுத்து அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து வந்தபோது, "ஆசைதான் மேடம், ஆனா நின்னு செய்ய ஆள் வேணும்ல?" என்றார். அட்டவணையில் இருந்த உணவு எல்லாம் நல்ல உணவுதான். அதை அந்த வீட்டில் யார், எத்தனை மணிக்குச் செய்வார்கள் என்று நான் கேட்காமலே எழுதியிருந்தேன். அதை ஓரமாக வைத்துவிட்டு ஒன்றே ஒன்றைக் கேட்டேன்: இரவில் தயிருக்கு உறை ஊற்றும்போது, பக்கத்திலேயே ஒரு டம்ளர் கறுப்புக் கொண்டைக்கடலையைக் கழுவி ஊற வைக்க முடியுமா? உறை ஊற்ற அவர் ஒருநாளும் மறந்ததில்லை என்பதால், அதோடு சேர்ந்த வேலையும் மறக்காது என்பது என் கணக்கு.

ஒரு டம்ளர் என்றால் சுமார் 150 கிராம். ஊறி வெந்ததும் இரண்டு மடங்குக்கு மேல் ஆகி, நான்கு பேருக்குப் போதும். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி, 100 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையில் புரதம் ஏறத்தாழ 19 கிராம், நார்ச்சத்து 25 கிராம், இரும்புச்சத்து 6 மில்லிகிராமுக்கு மேல். ஊற வைப்பது வேக வைக்க மட்டுமல்ல. தானிய, பயறு வகைகளில் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பைட்டேட் என்னும் பொருளும், வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சில சர்க்கரைகளும் ஓரளவு குறைகின்றன. ஆகவே ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேக வைப்பது நல்லது.

"எத்தனை விசில் விட்டாலும் கல்லு மாதிரி இருக்கு" என்ற புகார் அடிக்கடி வரும். பெரும்பாலும் கடலை பழசாக இருக்கும், அல்லது தண்ணீர் உப்புத் தண்ணீராக இருக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள கால்சியம் கடலையின் தோலை இறுக்கிவிடுகிறது. ஊற வைக்கவும் வேக வைக்கவும் குடிக்கிற தண்ணீரைப் பயன்படுத்தினால் அந்தப் புகார் பாதி குறையும். சோடா உப்புப் போட்டால் சீக்கிரம் வெந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் அது பி1 வைட்டமினை அழித்துவிடும் என்பதால் நான் அதைச் சொல்வதில்லை. எட்டு மணி நேரம் ஊறிய கடலை, கொஞ்சம் உப்புச் சேர்த்து ஐந்தாறு விசிலும், பிறகு சிறு தீயில் பத்து நிமிடமும் வைத்தால் விரலில் நசுங்கும் பதத்துக்கு வந்துவிடும். காலையில் குக்கர் வைக்கும்போதே இதை முடித்து, ஆறியதும் வடித்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், நாலு மணிக்கு மிச்சம் இருப்பது தாளிப்பு மட்டும். ஒரு தேக்கரண்டி எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை. கடலையைக் கொட்டி இரண்டு புரட்டு, மேலே தேங்காய்த் துருவல். பாட்டியால் இதைச் செய்ய முடிந்தது.

அடுப்பை அணைத்த பிறகு அரை எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். நான் வற்புறுத்துவது இதை மட்டும்தான். பயறுகளிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் எளிதில் சேராது. வைட்டமின் சி கூடவே இருந்தால் கூடுதலாகச் சேரும். சூட்டில் அந்த வைட்டமின் குறைந்துவிடும் என்பதால்தான் கடைசியில் பிழிகிறோம். கொய்யாக் காலமாக இருந்தால் அரைக் கொய்யாவைக் கையில் கொடுத்துவிடலாம், அதில் வைட்டமின் சி எலுமிச்சையைவிடப் பல மடங்கு அதிகம். டீயிலுள்ள டானின் இதற்கு நேர்மாறாக வேலை செய்து இரும்புச்சத்தைத் தடுக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காபி வேண்டாம் என்று அதே நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல் சொல்கிறது. அந்தப் பெண்ணுடைய டீயை நான் நிறுத்தவில்லை, டியூஷன் முடிந்து வந்த பிறகு குடிக்கட்டும் என்று தள்ளி வைத்தேன். நிறுத்தச் சொல்லியிருந்தால் சுண்டலும் சேர்ந்தே நின்றுபோயிருக்கும்.

நவராத்திரி ஒன்பது நாளும் விதவிதமாகச் சுண்டல் செய்யத் தெரிந்த நாம், மீதி நாட்களில் அதை மறந்துவிடுவது எனக்கு விளங்காத ஒன்று. தட்டைப்பயறு, மொச்சை, பட்டாணி, வேர்க்கடலை என்று மாற்றிக்கொண்டே போகலாம். பச்சைப்பயறு அவசரத்துக்கு உதவும். ஊற வைக்க மறந்த நாளிலும் குக்கரில் வெந்துவிடும். முளைகட்டினால் சத்து கூடும், ஆனால் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் பச்சையாகக் கொடுக்காமல் ஆவியில் வேக வைத்தே கொடுங்கள். முளை விடும் ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளுக்கும் ஏற்ற இடம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுக்கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம் என்பதால் மசித்துத் தர வேண்டும். சிறுநீரக நோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் பயறு வகைகளின் அளவை மருத்துவரிடம் கேட்காமல் கூட்டக் கூடாது.

"நாங்க மல்டிகிரெய்ன் பிஸ்கட்தான் வாங்குறோம்" என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பச் சொல்வேன். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக அச்சிட வேண்டும் என்பது சட்டம். அந்த வரிசையில் மைதாவும் சர்க்கரையும் எங்கே நிற்கின்றன, கேழ்வரகு எங்கே நிற்கிறது என்று அவர்களே விரல் வைத்துப் பார்த்தால் நான் மேற்கொண்டு பேச வேண்டியிருக்காது. வெல்லம் சேர்த்ததால் சத்து மாவுக்கஞ்சியை எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று நினைப்பதும் இதே வகைதான். வெல்லமும் பெரும்பகுதி சர்க்கரையே.

மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது ஹீமோகுளோபின் 11.3 ஆகியிருந்தது. அதில் பெரும்பங்கு மாத்திரையுடையது; சுண்டல் செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். மாத்திரை நின்ற பிறகு மறுபடி இறங்காமல் இருக்கத்தான் சாப்பாடு. ஊற வைக்கும் வேலை இப்போது அப்பாவிடம் போயிருக்கிறது. பல் இல்லாத பாட்டி தன் பங்கை மட்டும் தேங்காயோடு மசித்து உண்கிறார். ஆனால் தேர்வு மாதத்தில் சிறப்பு வகுப்பு என்று பள்ளியிலிருந்து நேரே டியூஷனுக்குப் போக ஆரம்பித்ததும் பன் திரும்பி வந்துவிட்டது. தேங்காய் போட்ட சுண்டல் காலையிலிருந்து பையில் கிடந்தால் கெட்டுவிடும். அதனால் பொட்டுக்கடலையும் வறுத்த வேர்க்கடலையும் கலந்து ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்; டப்பா காலியாகத் திரும்புகிறதா என்று அடுத்த மாதம் கேட்க வேண்டும்.