ஒரு அங்குலம் கீழே இறங்கும் துளைகள்: பழைய மஸ்டாங்குக்குப் புது சஸ்பென்ஷன்

1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு மஸ்டாங் அறிமுகமானபோது கூட்டம் பார்த்து மயங்கியது அதன் மேனியழகை. அடியில் இருந்தது பெரும்பாலும் பழைய சரக்கு. ஃபால்கன் என்ற சிக்கனக் குடும்பக் காருக்காக வடிவமைத்த அடித்தளமும் சஸ்பென்ஷனும்தான் அங்கேயும் இருந்தன. அதில் வி8 எஞ்சினை ஏற்றியதும் நேர்ச்சாலையில் பறந்தது, வளைவில் திணறியது. இன்று 1965, 66 மாடல் வைத்திருக்கும் அமெரிக்கர்கள் ஆயிரக்கணக்கான டாலர் செலவழித்து நவீன சஸ்பென்ஷன் கிட்டுகளை வாங்கி மாட்டுகிறார்கள். பெட்டியைத் திறந்ததும் பளபளக்கும் பாகங்களே காரை மாற்றிவிடும் என்ற நம்பிக்கை பலருக்கு. ஆனால் இந்தக் காரின் சுபாவத்தை மாற்றுவதில் காசுக்கு ஏற்ற பலன் தரும் வேலைக்கு எந்தப் பாகமும் வாங்க வேண்டியதில்லை. பக்கத்துக்கு இரண்டு துளை போட்டால் போதும். அது ஏன் என்று புரிந்தால் மற்ற பாகங்களில் எது தேவை, எது வீண் என்பதும் விளங்கிவிடும்.

முன்சக்கரம் ஒவ்வொன்றையும் மேலும் கீழுமாக இரண்டு கன்ட்ரோல் ஆர்ம்கள் தாங்குகின்றன. கீழ் ஆர்ம் மெலிந்தது. அது முன்னும் பின்னும் ஆடாதபடி ஸ்ட்ரட் ராட் என்ற கம்பி முன்பக்கமாகப் போய் புஷ் என்ற ரப்பர் வளையத்தோடு காரின் உடலில் பிணைந்திருக்கும். காயில் ஸ்பிரிங் இருக்கும் இடம்தான் விசேஷம். இப்படி இரட்டை ஆர்ம் உள்ள பெரும்பாலான கார்களில் அது கீழ் ஆர்மில் உட்காரும். இதில் மேல் ஆர்மின் முதுகில் உட்கார்ந்து, எஞ்சினுக்கு இருபுறமும் நிற்கும் ஷாக் டவர் என்ற தகடு அறைக்குள் ஏறுகிறது. ஷாக் அப்சார்பரும் அந்த ஸ்பிரிங்குக்கு நடுவிலேயே இருக்கிறது.

கார் சுமார் 1,350 கிலோ என்றால், முன்சக்கரம் ஒன்றின் மேல் ஏறக்குறைய 360 கிலோ விழும். ஸ்பிரிங் சக்கரத்தை விட்டு உள்ளே தள்ளி இருப்பதால் சக்கரம் 2 அங்குலம் ஏறினால் ஸ்பிரிங் சுமார் 1 அங்குலமே அமுங்கும். நெம்புகோல் கணக்கு இது: தூரம் பாதியானால் விசை இரட்டிப்பாகும். ஆக, கார் சும்மா நிற்கும்போதே ஒவ்வொரு டவரையும் ஸ்பிரிங் 700 கிலோ அளவுக்கு மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. அறுபது ஆண்டு அப்படித் தள்ளினால் தகடு என்ன ஆகும்? டவர்கள் எஞ்சினை நோக்கி உள்ளே சாயும். ஸ்பாட் வெல்டைச் சுற்றி மயிரிழை விரிசல் விடும்.

அதனால் கிட் பெட்டியைத் திறப்பதற்கு முன்பு அளவு நாடாவை எடுங்கள். டவர்களையும், எஞ்சின் அறையைப் பயணிகள் அறையிலிருந்து பிரிக்கும் ஃபயர்வாலையும் இணைக்கும் எக்ஸ்போர்ட் பிரேஸ் என்ற தாங்கியின் போல்ட் துளைகள் இழுக்காமல், தள்ளாமல் நேராகப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தவில்லை என்றால் டவர்கள் சாய்ந்திருக்கின்றன என்று அர்த்தம். எஞ்சினின் இருபுறமும் நீளும் முன் ரெயில் சட்டங்களில் துருவையும், டவரின் அடியில் விரிசலையும் தேடுங்கள். பெயின்ட்டும் அண்டர்கோட்டிங்கும் விரிசலை மறைக்கும், ஆகவே கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டித்தான் பார்க்க வேண்டும். வளைந்த உடலில் எவ்வளவு விலையுயர்ந்த ஆர்மை மாட்டினாலும் அது வளைந்த இடத்திலிருந்துதான் சக்கரத்தைப் பிடிக்கும்.

இனி கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு. முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ், வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ். வளைவில் உடல் 4 டிகிரி சரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சஸ்பென்ஷன் எதுவும் ஈடுகட்டாவிட்டால் வெளிப்பக்கச் சக்கரமும் அதே 4 டிகிரி வெளியே சாய்ந்து, டயரின் ஓர விளிம்பில் நிற்கும். காரின் பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்குவது அந்த வெளிச் சக்கரம்தான். எனவே அது மேலே ஏறும்போது தலை உள்ளே இழுபட வேண்டும். ஆர்மின் வெளி முனை ஒரு வட்ட வில்லில்தான் நகர முடியும். உள் முனை தாழ்ந்தும் வெளி முனை உயர்ந்தும் இருந்தால், ஏற ஏற வெளி முனை உள்ளே வரும். மஸ்டாங்கில் ஃபோர்டு கொடுத்த நிலை இதற்கு நேர்மாறு. மேல் ஆர்மின் உள் முனை உயரத்தில் இருப்பதால், சக்கரம் ஏறத் தொடங்கும்போது அதன் தலை முதலில் வெளியே போகிறது. எங்கே பிடிப்பு வேண்டுமோ அங்கேயே டயர் விளிம்பில் நிற்கிறது.

இது அன்றைய பொறியாளர்களின் அறியாமை இல்லை. உள்ளே இழைகள் குறுக்காக அடுக்கிய, அந்தக் காலத்துப் பயஸ் பிளை டயர்களின் பக்கச் சுவர் உயரமானது, மென்மையானது. சக்கரம் சாய்ந்தாலும் டயர் நெளிந்து சமாளித்துக்கொள்ளும். இன்றைய ரேடியல் டயரின் பட்டை விறைப்பானது. சாலையில் தட்டையாகப் பதிந்தால் அபாரமாகப் பிடிக்கும், சாய்ந்தால் ஓரம்தான் தேயும். பழைய மஸ்டாங்கில் வெறும் டயரை மட்டும் மாற்றியவர்கள் முன்டயரின் வெளி ஓரம் சீக்கிரம் மொட்டையாவதைப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

ஃபோர்டின் சஸ்பென்ஷன் பொறியாளர் கிளாஸ் ஆர்னிங் கண்ட தீர்வு: மேல் ஆர்மின் உள் அச்சை 1 அங்குலம் கீழே இறக்குவது. முன்னாள் கார்ப் பந்தய வீரர் கரோல் ஷெல்பியின் நிறுவனம் 1965 ஜி.டி.350 கார்களில் இதைச் செய்தது. 1966 மாடலில் முதலில் வந்த ஒரு தொகுதிக்குப் பிறகு செலவைக் குறைக்க விட்டுவிட்டார்கள். பெயரென்னவோ ‘ஷெல்பி டிராப்’ என்று நிலைத்துவிட்டது. வேலை செய்தவர் ஒருவர், பேர் வாங்கியவர் வேறொருவர்.

செய்முறை எளிது, ஆனால் அவசரம் கூடாது. காரை ரெயில்களுக்கு அடியில் ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தையும் ஷாக்கையும் கழற்றுங்கள். ஸ்பிரிங்கை எடுக்க டவரின் மேல் வாய் வழியாக உள்ளே இறங்கும் உள்வகை ஸ்பிரிங் கம்ப்ரஸர் வேண்டும். ஸ்பிரிங்கின் வெளியே கவ்வும் இரட்டைக் கொக்கி வகைக்கு அந்த டவருக்குள் இடமில்லை. அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் கை போகும், ஆகவே அதன் நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது. மேல் ஆர்மை அவிழ்க்கும்போது அச்சுக்கும் டவருக்கும் நடுவே இருக்கும் ஷிம் தகடுகளை முன் போல்ட்டுக்கு எத்தனை, பின் போல்ட்டுக்கு எத்தனை என்று எழுதி, தனித்தனியாகக் கட்டி வையுங்கள்.

பிறகு வார்ப்புரு. பழைய இரண்டு துளைகளில் பொருந்தும்படி போல்ட்டில் மாட்டும் தகடு அது. புதுத் துளைகளின் மையம் பழையதிலிருந்து 1 அங்குலம் கீழே, 1/8 அங்குலம் பின்னே. பின்னே தள்ளுவதால் காஸ்டரும் (பக்கத்திலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சு பின்னே சாயும் கோணம்) கொஞ்சம் கூடும். சென்டர் பஞ்ச் வைத்துத் தட்டி, 1/8 அங்குல பிட்டில் வழி போட்டு, படிப்படியாகப் பெரிதாக்கி 17/32 அங்குலத்தில் முடிக்க வேண்டும். அரை அங்குல போல்ட்டுக்கு அந்த இடைவெளி போதும். எடுத்தவுடன் பெரிய பிட்டை வைத்தால் அது தகட்டில் வழுக்கி ஓடி, துளை நீள்வட்டமாகிவிடும். நீள்வட்டத் துளையில் எவ்வளவு முறுக்கினாலும் அச்சு நகரும், அலைன்மென்ட் நிற்காது. துளையின் பிசிறை அராவி, வெற்று உலோகத்தில் பிரைமர் அடித்த பிறகே ஆர்மை மாட்டுங்கள். போல்ட் கிரேட் 8 ஆக இருக்கட்டும். அதன் தலையில் ஆறு கோடுகள் தெரியும், மூன்று கோடு என்றால் கிரேட் 5.

இந்த மாற்றத்தால் முன்பக்கம் தானாகவே 16 மி.மீ. அளவுக்குத் தாழும். 1 அங்குலத்தோடு நிறைவடையாமல் ஒன்றே முக்கால் அங்குலம் இறக்குபவர்களும் உண்டு. அப்போது சக்கரம் முழுதும் தொங்கும் நிலையில் மேல் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயிண்ட் அதன் கோண எல்லையைத் தாண்டி முட்டும், முட்டிய ஜாயிண்ட் ஒருநாள் உடையும். அவ்வளவு இறக்க வேண்டுமென்றால் பால் ஜாயிண்ட்டுக்கு அடியில் சாய்வான ஆப்புத் தகடு கட்டாயம். தெருவில் ஓட்டும் காருக்கு 1 அங்குலமே தாராளம்.

ஸ்பிரிங்குக்கு வருவோம். விளம்பரத்தில் ஸ்பிரிங்கின் விறைப்பு ஒரு அங்குலத்துக்கு 600 பவுண்டு என்று படித்ததும் இடுப்பு ஒடியும் என்று பயப்பட வேண்டாம். சக்கரத்தில் தெரியும் விறைப்பு, நகர்வு விகிதத்தின் (சக்கரம் நகரும் தூரத்தில் ஸ்பிரிங் அமுங்கும் பங்கு) இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. விகிதம் பாதி என்றால் விறைப்பு கால்வாசி, அதாவது 150 பவுண்டு. அந்த மூலையில் தொங்கும் உடல் எடை சுமார் 330 கிலோ எனக் கொண்டால் கார் விநாடிக்கு 1.4 முறை ஆடும். குடும்பக் காரை விட இறுக்கம், ரேஸ் காரை விட இளக்கம். இதே 600 பவுண்டு ஸ்பிரிங்கைக் ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் அமைந்து கீழ் ஆர்மில் மாட்டும் காயில் ஓவர் கிட்டில் போட்டால் கார் கட்டை வண்டியாகிவிடும், ஏனென்றால் அங்கே நகர்வு விகிதம் அதிகம். ஒரு கிட்டின் எண்ணை இன்னொரு கிட்டின் எண்ணோடு ஒப்பிடுவது வீண்.

ஊஞ்சலைத் தள்ளிவிட்டால் ஆடிக்கொண்டே இருப்பதுபோல, ஷாக் இல்லாத ஸ்பிரிங்கும் ஆடும். ஸ்பிரிங்கின் விறைப்பு 2 மடங்கானால் அதே அளவு அடக்கத்துக்கு ஷாக்கின் தடை 1.4 மடங்காக வேண்டும். புது ஸ்பிரிங்கோடு பழைய ஷாக்கை விட்டுவைத்தால் மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் மூக்கு இரண்டு மூன்று முறை தலையாட்டும். வளைவில் உடல் சரிவதைக் குறைக்கும் முன் ஆன்டி ரோல் பாரில் கணக்கு இன்னும் கடுமை. அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். முக்கால் அங்குலப் பாரை எடுத்துவிட்டு ஷெல்பி போட்டதுபோல் 1 அங்குலப் பார் போட்டால் விறைப்பு 3 மடங்குக்கு மேல். அதற்கு மேல் தடிமன் போவது பெரும்பாலும் வீண் ஆசை. முன்பக்கம் பிடிப்பை இழந்து, ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே போகப் பார்க்கும்.

புஷ்களில்தான் அதிகப் பேர் ஏமாறுகிறார்கள். ரப்பர் புஷ் ஒரு தாங்கி மட்டுமல்ல, உள் குழலும் வெளிக் குழலும் ரப்பரோடு ஒட்டியிருப்பதால் அது முறுக்கி மீளும். கார் ஸ்டாண்டில் நிற்க, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கினால், தரையில் இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுகியே நிற்கும். கார் உயரமாக நிற்கும், சில மாதத்தில் ரப்பர் கிழியும். கைமுறுக்காக மாட்டி, காரின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி முறுக்கு. ‘நவீனம்’ என்று பாலியூரிதேன் புஷ்ஷைக் கண்ட இடத்தில் எல்லாம் போடவும் கூடாது. ஸ்ட்ரட் ராடின் முனை ஒவ்வொரு மேட்டிலும் கோணம் மாற வேண்டிய இடம். அங்கே விறைப்பான பாலியூரிதேன் போட்டால் ஆட வேண்டிய புஷ் ஆடாது, அதற்குப் பதில் கம்பி வளையும். வளைந்து வளைந்து மரை தொடங்கும் இடத்தில் ஒருநாள் முறியும், பெரும்பாலும் பிரேக் போடும்போது. அங்கே நல்ல ரப்பர், இல்லையென்றால் கோள மூட்டு உள்ள ராட்.

பின்பக்கத்தில் லீஃப் ஸ்பிரிங்தான், அதைப் பழிக்கத் தேவையில்லை. தொழிற்சாலை தந்தது நான்கு தகடு. ஐந்து தகடு, மிட் ஐ வகை (முனையின் கண்வளையம் தகட்டின் மட்டத்திலேயே அமைந்தது) போட்டால் விறைப்பும் கூடும், பின்புறமும் தாழும். தாழ்த்துவதற்காக ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே கட்டை வைப்பது மலிவு வழி, ஆனால் ஆக்சில் ஸ்பிரிங்கை முறுக்கும் நெம்புகோல் நீளமாகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது லீஃப் எஸ் வடிவில் நெளிந்து சட்டென்று விடுபடும், டயர் தடதடவென்று துள்ளும். கழற்றும்போது முன் கண் போல்ட் உள் குழலோடு துருவில் ஒட்டிப்போயிருப்பது வாடிக்கை. சுத்தியலோடு மல்லுக்கட்டாமல் ரம்பத்தால் அறுத்துவிடுங்கள். லீஃபின் பின் முனையைத் தாங்கும் ஷாக்கிளில் கேஸ் தீயைக் காட்டவே கூடாது: இந்த மாடலில் பெட்ரோல் டாங்க் டிக்கியின் தரையாகவே பதிந்திருக்கிறது. யூ போல்ட் எப்போதும் புதிது, மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முறுக்கணும்.

டவர்களையே வெட்டி எறிந்துவிட்டு, 1974 மாடலாக வந்த மஸ்டாங் II வகை முன் அமைப்பை வெல்ட் செய்யும் கிட்டும் கிடைக்கிறது. பெரிய எஞ்சினுக்கு இடம் வேண்டுபவருக்கு அது சரி. ஆனால் டவர் தாங்கிய பாரம் முழுதும் இனி மெல்லிய ரெயிலுக்குப் போகும், அதை வலுப்படுத்தாமல் தொடவே வேண்டாம். வளைவில் நன்றாக ஓடுவது மட்டுமே குறிக்கோள் என்றால் தேவையும் இல்லை. கிட் வாங்கும்போது இன்னொன்று: ஆறு சிலிண்டராகப் பிறந்த காரின் சக்கரத்தில் நான்கு போல்ட், வி8 காரில் ஐந்து. சக்கரம் சுழலும் ஸ்பிண்டிலும், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடும்கூட வேறு. பின்னாளில் எஞ்சினை மட்டும் மாற்றிய கார்கள் ஏராளம் என்பதால், பானெட்டைத் திறந்து பார்த்து ஆர்டர் செய்யாமல் சக்கரத்தின் போல்ட்டை எண்ணிப் பார்த்து ஆர்டர் செய்ய வேண்டும்.

அலைன்மென்ட் கடைக்குப் போகும்போது 1965 கையேட்டின் எண்களைக் கொடுக்காதீர்கள், அவை பயஸ் பிளை டயருக்கானவை. ரேடியலுக்குக் கேம்பர் நெகட்டிவ் அரை முதல் 1 டிகிரி, காஸ்டர் பாசிட்டிவ் இரண்டரை முதல் மூன்றரை டிகிரி, டோ (முன்சக்கரங்களின் முன் விளிம்புகள் உள்ளே திரும்பும் அளவு) 1/8 அங்குலம் உள்நோக்கி என்று கேளுங்கள். ஷிம்மை எடுத்தால் ஆர்ம் உள்ளே போய் நெகட்டிவ் கேம்பர் கூடும். காஸ்டர் கூடுவதால் பவர் இல்லாத ஸ்டீயரிங் நிற்கும்போது கனக்கும், நெடுஞ்சாலையில் கை விட்டாலும் நேராகப் போகும்.

கடைசியாக, கடைக்காரர் பெரும்பாலும் பார்க்காத ஒரு சோதனை: பம்ப் ஸ்டீயர். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கைப் பூட்டி, சக்கரத்தின் இடத்தில் ஒரு நேர் பலகையைக் கட்டுங்கள். ஜாக்கியால் ஓட்டும் உயரத்திலிருந்து 2 அங்குலம் மேலும் 2 அங்குலம் கீழும் அரை அரை அங்குலமாக நகர்த்தி, பலகையின் முன் முனையும் பின் முனையும் ஒரு நிலையான கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். டை ராட் ஒரு வில்லிலும் ஆர்ம்கள் வேறு வில்லிலும் போவதால், ஸ்டீயரிங்கைத் தொடாமலே சக்கரம் திரும்புவது தெரியும். திருத்தக் கிட்டில் டை ராட் முனைக்கு வாஷர்கள் வரும். ஒவ்வொன்றாகச் சேர்த்து, இரு முனை வித்தியாசம் குறைகிறதா என்று மறுபடி அளக்க வேண்டும், இரு பக்கத்துக்கும் ஒரே எண்ணிக்கை வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிறகு 160 கி.மீ. ஓட்டிவிட்டு டார்க் ரெஞ்சோடு எல்லா போல்ட்டையும் மீண்டும் ஒருமுறை சோதித்து, டவரின் அடி வெல்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். புது டயரின் பிடிப்பு அந்த அறுபது வயதுத் தகட்டுக்குப் புதுப் பாரம்.